தெளிவில்லை என்று நான் எழுதிய அறிக்கை

செம்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளுக்குப் போய் இரும்பைச் சுத்தியலால் தட்டுவதுதான் என் வேலை. ரஹாங்கில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னும் இதை நம்புவதில்லை. "அதுக்கா உங்களுக்கு டிப்ளோமா?" என்று கீழ்வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார்.

எந்த இரும்புச் சட்டத்தையும் தட்டிவிட்டால், தனக்கென்று ஒரு கதியில் அது ஆடி அடங்கும். நொடிக்கு இத்தனை முறை என்று கணக்கு. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியோ மோட்டாரோ அதே கதியில் சுழன்றால், ஆட்டம் அடங்காமல் பெருகிக்கொண்டே போகும். கடைசியில் இரும்பு விரிசல் விடும். அந்தக் கதியைக் கண்டுபிடிக்கத்தான் தட்டுகிறோம். சுத்தியலின் தலைக்குள் அடியின் பலத்தை அளக்கும் கருவி இருக்கும். சட்டத்தில் ஒட்டிய சென்சார் அதிர்வை அளக்கும். இரண்டும் கம்பி வழியாகக் கணினிக்கு வரும். அடித்த அடிக்கும் வந்த அதிர்வுக்கும் எவ்வளவு தொடர்பு என்பதைத் திரையில் ஒரு கோடு காட்டும். அது ஒன்று என்ற எண்ணை ஒட்டி நின்றால் சோதனை சுத்தம். விழுந்து விழுந்து எழுந்தால், வேறு எங்கிருந்தோ வரும் அதிர்வும் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

பதினைந்து வருடமாக இதைச் செய்கிறேன். ரந்தாவுக்கு உள்ளே இருந்த ஓர் ஆலையில் நான் செய்த இரண்டு சோதனைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆலை இப்போது இல்லை.

அங்கே இரண்டு பாய்லர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குள் தள்ளும் பெரிய விசிறி ஒன்று. முதல் பாய்லரின் விசிறி, தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், நான்கு கால் வைத்த இரும்புச் சட்டத்தின்மேல் இருந்தது. பக்கத்திலேயே ஆள் நடக்க ஒரு மேடை. அந்தச் சட்டத்தின் ஒரு காலில், வெல்டிங் செய்த இடத்தில் விரிசல் விட்டிருந்தது. ஏன் விடுகிறது என்று பார்க்கச் சொல்லி எங்கள் கம்பெனிக்கு வேலை வந்தது.

பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பது வயதுக்காரர். உயரம் குறைவு, தடித்த கை, எப்போதும் ஒரு பக்கக் காதில் மட்டும் பஞ்சு. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் செக் பண்ண வந்தீங்களா? ஆம்பளைங்க யாரும் வரலியா?"

"நான்தான் அண்ணே. ஏன், சுத்தியல் தூக்க மாட்டேன்னு பாக்குறீங்களா?"

சிரித்துவிட்டார். "அதுக்கில்ல தங்கச்சி. மேல ஏறிப் பாருங்க, அப்புறம் தெரியும். ஒருநாள் டீ கிளாஸ வச்சேன், தானா நவுந்து போயி கீழ விழுந்துடுச்சி. நான் டெய்லி அதுமேலதான் நிக்கிறேன்."

புகைக்குழாயில் 'டேம்பர்' என்று ஒரு தடுப்புத் தகடு உண்டு. அதைத் திறந்து மூடித்தான் காற்றைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அதைக் கீழிருந்தே திருப்பும் மோட்டார் கெட்டுப்போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு ஷிப்டிலும் நாலைந்து முறை அவரே மேடை ஏறிக் கையால் திருப்பிவிட்டு இறங்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு நான் செய்த தவற்றை மறைக்கக் கூடாது. இந்த மாதிரி கனமான சட்டத்துக்குப் பெரிய சுத்தியல் வேண்டும். சம்மட்டி மாதிரி இருக்கும், முனையில் மெத்தென்ற ரப்பர். மெதுவான கதியில் ஆடும் பெரிய இரும்பை அதுதான் உசுப்பும். சின்னச் சுத்தியல், கெட்டி முனை என்றால் அடி சுள்ளென்று விழும். பலமெல்லாம் வேகமான அதிர்வுகளுக்குப் போய்விடும். எங்களிடம் இருந்த ஒரே பெரிய சுத்தியலை இன்னொரு குழு லிங்கி பக்கம் ஒரு வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தது. காலையிலேயே எனக்குத் தெரியும். போன் செய்து தேதியைத் தள்ளிப்போட்டிருக்கலாம். மூன்று முறை தள்ளிப் போய்க் கிடைத்த தேதி அது. அதோடு பிற்பகல் என் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இருப்பதை வைத்து முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் விசிறியை எனக்காக நிறுத்தினார்கள். இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வகை, ஒரே வேகம், நொடிக்குப் பதினாறு சுற்றுக்குக் கொஞ்சம் மேல். நான் ஆபீஸுக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன். நாற்பது வயதுக்குள் இருப்பார், கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"சார், அரை மணி நேரம் ரெண்டாவதையும் நிறுத்தினீங்கன்னா எனக்குச் சுத்தமா ரீடிங் கிடைக்கும்."

அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே பழக்குலை ஏற்றிய லாரிகள் கேட்வரைக்கும் நின்றன. "ஒன்ன நிறுத்துனதே பெருசு லா. ரெண்டையும் நிறுத்துனா நான் எச்.கியூவுக்கு என்ன பதில் சொல்றது? முடிஞ்சத எடுத்துட்டுப் போங்க."

முடிந்ததை எடுத்தேன். தட்டும்போதெல்லாம் தரை வழியாக இரண்டாவது விசிறியின் ஆட்டம் வந்து கலந்தது. என் சின்னச் சுத்தியலின் அடி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பத்து அடி, பதினைந்து அடி என்று சேர்த்துச் சராசரி பார்த்தேன். சில அடிகளில் சுத்தியல் எகிறித் திரும்பவும் பட்டது. அப்படி இரட்டை அடி விழுந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். போட்டேன். கை வலித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. பாய்லர்காரர் ஒரு பழைய துணியைக் கொடுத்தார்.

திரையில் பதினாறுக்குப் பக்கத்தில், அதிர்வு பெருகுவதைக் காட்டும் ஒரு மேடு தெரிந்தது. சரியாக அந்த இடத்திலேயே தொடர்பைக் காட்டும் கோடு தொப்பென்று விழுந்து கிடந்தது. அந்த மேடு இந்தச் சட்டத்தினுடையதாக இருக்கலாம், பக்கத்து விசிறியினுடையதாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல வழியில்லை.

"என்ன தங்கச்சி சொல்லுது?" என்று அவர் கேட்டார்.

"சரியாத் தெரியல அண்ணே. இன்னொரு தடவ வரணும்."

"எனக்குத் தெரியுதே. காலுல தெரியுது."

அவர் காலில் தெரிந்ததை நான் அறிக்கையில் எழுத முடியாது. நான் எழுதியது மூன்று வாக்கியம். கிடைத்த அளவீடு தெளிவாக இல்லை. விசிறியின் வேகமும் சட்டத்தின் இயல்பான கதியும் ஒன்று என்று உறுதிசெய்ய முடியவில்லை. ஆலை முழுவதும் நின்றிருக்கும்போது மறுபடி சோதிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பெற்றோர் கூட்டத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். மகளுக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண்.

ஆலையில் அந்த மூன்று வாக்கியத்தில் நடு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிரச்சினை இருப்பதாக உறுதியாகவில்லை, அதனால் பிரச்சினை இல்லை. விரிசலுக்குமேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்துச் சாயம் பூசிவிட்டார்கள்.

பாய்லர்காரர் என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவார். வேலையைப் பற்றி உடனே பேச மாட்டார். சாப்பிட்டீங்களா, மழையா அங்க, என்பார். அப்புறம் மெதுவாக வருவார்.

"அந்தத் தகட்டு ஓரத்துல சாயம் மயிர் மாதிரி வெடிச்சிருக்கு தங்கச்சி. சாயம்தானா, இரும்பான்னு தெரியல."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். உங்க ரிப்போர்ட்டுலயே ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்காமே?"

"அப்படிப் போடல அண்ணே. தெளிவில்லன்னுதான் போட்டேன்."

"ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும் என்று யோசித்து முடிப்பதற்குள் அவருக்கு அங்கே ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

நோன்புப் பெருநாளுக்கு ஆலை இரண்டு நாள் முழுக்க நிற்கும் என்று அவர்தான் சொன்னார். என் முதலாளியிடம் மன்றாடி, விடுமுறை நாளில் நானே போகிறேன் என்று சொல்லி, ஆலையிடமும் அனுமதி வாங்கினேன். பெரிய சுத்தியலை முதல் நாளே என் காரில் போட்டுக்கொண்டேன்.

ஓடாத ஆலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே குருவிகள் சண்டை போடுவது கேட்டது. பாய்லர்காரர் லீவு நாளிலும் வந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார்.

அவசரப்படாமல் செய்தேன். சென்சார் வைக்கும் இடங்களில் சாயத்தைச் சுரண்டி, இரும்பு பளபளக்கத் தேய்த்து, தட்டையாக உட்காரவைத்தேன். கம்பி ஆடினால் அதுவும் பொய் சொல்லும்; அதனால் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டினேன். ரப்பர் முனையைப் போட்டு, காலை அகட்டி நின்று, ஒரு அடி. அடி பட்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும், சுத்தியல் தங்கக் கூடாது. ஆட்டம் முழுக்க அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடி. மூன்றாவது அடியில் கோடு கொஞ்சம் நெளிந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் மேடையில் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா? நீங்க நிக்கிறதும் இதுல சேருது."

"என் கனமா?"

"உங்க கனமும் சேந்துதான் ஆடுது."

உடனே இறங்கி, தரையில் தூரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூச்சைக்கூட அடக்கியிருப்பார் போல.

ஐந்து நல்ல அடி. கோடு ஒன்றை ஒட்டியே நின்றது. இங்கே அடித்து அங்கே அளந்தேன். பிறகு சென்சாரையும் அடியையும் இடம் மாற்றி, அங்கே அடித்து இங்கே அளந்தேன். இரண்டு வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. இதைவிடச் சுத்தமான அளவீடு என் கையால் அதுவரை வந்ததில்லை. விசிறியின் வேகத்துக்குப் பக்கத்தில், முடி அளவு தள்ளி, ஒரே ஒரு கூர்மையான மேடு. சந்தேகமே இல்லை. அந்தச் சட்டம் அந்த விசிறிக்கு ஆகவே ஆகாது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதர் தினமும் ஏறி நிற்கும் இடம் உடையப்போகிறது என்று திரை சொல்கிறது. நான் அந்தக் கோட்டின் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அண்ணே, இப்பத் தெளிவா வந்துடுச்சி!" என்று மேலிருந்து கத்தினேன். அவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். என் பிளாஸ்க்கிலிருந்த காப்பியை இரண்டு பேரும் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டாவது அறிக்கையை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் முதல் அறிக்கையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இதுல உறுதியில்லன்னு போட்டிருக்கீங்க. அதுல உறுதின்னு போட்டிருக்கீங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். முதல் தடவ ரெண்டாவது பாய்லர் ஓடிக்கிட்டு இருந்துச்சி. சுத்தியலும் பத்தல."

"பத்தாதுன்னு தெரிஞ்சே ஏன் வந்தீங்க?"

நான் இரண்டாவது அறிக்கையை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கேள்வியை நிதானமாகத்தான் கேட்டார்.

"சட்டத்த மாத்துறவரைக்கும் விசிறி வேகத்தக் கொறச்சி ஓட்டுங்க சார். இல்ல அந்தப் பாய்லர நிறுத்துங்க."

"வேகத்தக் கொறச்சா ஸ்டீம் கொறையும். ஸ்டீம் கொறஞ்சா பழம் தேங்கும். நான் மேல எழுதுறேன். ஆனா சொல்லிடுறேன், இந்த மில்ல அடுத்த வருஷம் மூடுறதாப் பேச்சு இருக்கு. தோட்டத்துல வீடு கட்டப் போறாங்களாம். மூடப்போற எடத்துக்கு யாரு புதுச் சட்டம் போடுவா?"

எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். வந்த பதில், மேடைக்கு ஏறும் படியில் ஒரு பலகை. அனுமதியின்றி ஏறக் கூடாது என்று மலாயிலும் தமிழிலும். டேம்பர் மோட்டார் அப்படியே கெட்டுக் கிடந்தது.

பலகை வைத்த அன்று மாலை பாய்லர்காரர் கூப்பிட்டார். "போர்டு வச்சிட்டாங்க தங்கச்சி. ஆனா டேம்பர யாரு திருப்புறது? நான்தானே. எனக்கு நானே அனுமதி குடுத்துக்க வேண்டியதுதான்."

"ஏறாதீங்க அண்ணே. முடியாதுன்னு சொல்லுங்க."

"சொன்னா வேற ஆள ஏத்துவாங்க. வங்காளப் பையனுங்க நாலு பேரு இருக்கானுங்க, அவனுங்களுக்கு எங்க காலு வைக்கணும்னுகூடத் தெரியாது."

நான் ஆலைக்கு இன்னும் இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். என் முதலாளி கூப்பிட்டு, ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது, அதோடு நம் வேலை முடிந்தது, வாடிக்கையாளரை நெருக்காதே என்றார். மூன்றாவது மின்னஞ்சலை எழுதி வைத்தேன். அனுப்பவில்லை.

பெருநாள் முடிந்து ஏழு வாரம் இருக்கும். காலை பத்து மணி. இன்னொரு ஆலையில் சென்சார் ஒட்டிக்கொண்டிருந்தேன். ரந்தாவ் ஆலையின் மெக்கானிக் ஒருவர் போன் செய்தார். தகடு வைத்து வெல்டிங் செய்த கால், தகட்டுக்குக் கீழேயே முறிந்துவிட்டது. மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டேம்பரைத் திருப்பிக்கொண்டிருந்த பாய்லர்காரர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கப் பார்த்திருக்கிறார். கம்பி சுட்டிருக்கிறது. முதுகு அடிபட சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறார்.

உயிர் போகவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு அறிக்கையும் மேசைமேல் இருந்தன. எப்படிச் சோதித்தேன், முதல்முறை ஏன் கலங்கி வந்தது, இரண்டாம் முறை ஏன் நம்பலாம் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். சின்னச் சுத்தியல் கொண்டுபோனதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் எனக்கு வந்த பிரதியில், சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன என்று ஒரே வரி. அது பொய்யில்லை. மேனேஜரை வேறு ஆலைக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் இந்த ஆலையை மூடினார்கள். விசிறி, சட்டம், பாய்லர் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின.

ஒழுங்கான கருவி இல்லாமல் இனிச் சோதிக்க மாட்டேன் என்று நான் முடிவெடுத்தேன். சமீபத்தில்கூட ஒரு தொழிற்சாலையில், பக்கத்து இயந்திரத்தை நிறுத்தினால்தான் தட்டுவேன் என்று சொல்லித் திரும்பி வந்தேன். மறுவாரமே வேறு கம்பெனி போய், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டி, பிரச்சினை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. நான் திரும்பி வந்ததால் அங்கே யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

பாய்லர்காரருடைய வீடு ரந்தாவ் டவுனில், கீழ்த்தளம். விபத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போவேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருந்தார்கள். கை மட்டும் முன்புபோலவே தடித்து இருந்தது. அதிகம் பேச மாட்டார். டிவியைப் பார்த்துக்கொண்டு இருப்பார், நானும் பார்ப்பேன். ஒருநாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, மொத தடவயே அந்தப் பெரிய சுத்தியலக் கொண்டாந்திருந்தா தெளிவா வந்திருக்குமா?"

விசாரணையில் சொன்னதை அவரிடமும் சொல்லியாக வேண்டும். "ரெண்டாவது பாய்லர் ஓடிக்கிட்டு இருந்துச்சி. ஆனா பெரிய சுத்தியல்னா ஓரளவுக்குச் சொல்லியிருப்பேன் அண்ணே. தெளிவில்லன்னு எழுதாம, ஆபத்துன்னு எழுதியிருப்பேன்."

"எழுதியிருந்தா?"

"தெரியல."

"அவங்க உங்க ரெண்டாவது ரிப்போர்ட்டையே கேக்கலியே," என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, அவரே கணக்குப் போட்டுப் பார்த்தாரா தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை.

கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தார். பள்ளிக்கூடக் கேண்டினில் வேலை செய்பவர். மாவு படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு மூணு நாளைக்கு அவரு சாப்பிடுறதில்ல. ராத்திரி எல்லாம் அந்த மேடயப் பத்தியே பொலம்புறாரு. இனிமே வராதீங்க தங்கச்சி."

"சரிக்கா," என்றேன்.

பழப்பையைத் திருப்பிக் கொடுக்க நினைத்தார் போல. ஒரு கணம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு நான் போகவில்லை.